பூனை காலி செய்த வீடு

1552-ஆம் ஆண்டில் ஜிரோலாமோ கார்டானோ என்னும் இத்தாலிய வைத்தியர் ஸ்காட்லாந்து தேசத்துக்குப் பிரயாணம் புறப்பட்டார். குளிர்காலத்தில் மிலான் நகரை விட்டுக் கிளம்பியவர் லியோன், பாரிஸ், லண்டன் என்று ஒவ்வோர் ஊராகத் தங்கி, எடின்பரோ போய்ச் சேர்ந்தபோது கோடைக்காலம் வந்துவிட்டது. அந்த நாளில் ஒரு வைத்தியர் நோயாளியைத் தேடி இவ்வளவு தூரம் போகிறார் என்றால், நோயாளி சாமானியராக இருக்க முடியாது அல்லவா? ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் ஆர்ச்பிஷப் ஜான் ஹாமில்டன், அந்த நாட்டின் மதத் தலைவர். சிறு வயது ராணியின் பெயரால் ராஜ்ய பாரத்தை நடத்திவந்த பிரபுவுக்குத் தந்தை வழிச் சகோதரர். அவருக்குப் பத்து வருஷமாக ஆஸ்துமா. இரவில் இழுப்பு வந்தால் விடிகிற வரையில் உட்கார்ந்தபடியே இருக்க வேண்டும். பெரிய வைத்தியர்கள் எல்லாம் பார்த்துக் கைவிட்ட நோய்.

கார்டானோவும் லேசான ஆள் இல்லை. கணிதத்தில் புலி, 1545-இல் அவர் வெளியிட்ட ‘ஆர்ஸ் மாக்னா’ என்ற நூலை இன்றும் கணித நிபுணர்கள் மரியாதையுடன் குறிப்பிடுகிறார்கள். ஜோசியம் பார்ப்பார். சூதாடுவார், அதோடு நிற்காமல், சூதாட்டத்தில் பகடை எப்படி விழக்கூடும் என்று கணக்குப் போட்டுப் புத்தகமும் எழுதி வைத்தார். எடின்பரோவில் இவர் செய்த முதல் காரியம், மருந்து எதையும் கலக்காமல் சில வாரங்கள் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். எப்போது சாப்பிடுகிறார், எவ்வளவு நேரம் தூங்குகிறார், எதன்மேல் தூங்குகிறார் என்றெல்லாம் கவனித்தார். பிறகு ஆகாரத்தை மாற்றினார், தூக்கத்துக்கு நேரம் வகுத்தார், தேகப் பயிற்சி சொன்னார். இவற்றோடு ஒரு விசித்திரமான கட்டளையும் போட்டார்: பறவை இறகு அடைத்த மெத்தையையும் தலையணையையும் அப்புறப்படுத்திவிட்டு, பட்டு அடைத்த படுக்கையில் படுக்க வேண்டும்!

ஆர்ச்பிஷப்புக்கு உடம்பு தேறியது. வைத்தியருக்குப் பொன்னாகக் கொட்டிக் கொடுத்தார். அதன் பிறகு பத்தொன்பது வருஷம் உயிரோடிருந்த ஹாமில்டனை 1571-இல் அரசியல் விரோதிகள் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். மூச்சுத் திணறாமல் கார்டானோ காப்பாற்றிக் கொடுத்த தொண்டையைக் கயிற்றிலிருந்து யாராலும் காப்பாற்ற முடியவில்லை. நம்முடைய வைத்தியரோ திரும்பும் வழியில் லண்டனில் தங்கி, இளம் அரசர் ஆறாம் எட்வர்டுக்கு ஜாதகம் கணித்து, நீண்ட ஆயுள் உண்டு என்று எழுதிக் கொடுத்தார். அரசர் அடுத்த ஆண்டே காலமானார். வைத்தியத்தில் பலித்த கைராசி ஜோசியத்தில் பலிக்கவில்லை.

இந்தக் கதையை வைத்திய சரித்திரம் எழுதுகிறவர்கள் விரும்பிச் சொல்வார்கள். பிராணிகளின் இறகும் ரோமமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்பார்கள். அது முழு உண்மை அல்ல. இறகு அதிகச் சூடு உண்டாக்கி உடலைக் கெடுக்கும் என்பதுதான் கார்டானோவின் எண்ணம். உஷ்ணம், சீதளம் என்று பழைய கிரேக்க வைத்தியர்கள் வகுத்த கணக்கின்படி அவர் யோசித்தார். காரணம் தவறு, காரியம் சரி. வைத்திய உலகில் இப்படி நடப்பது அபூர்வம் இல்லை.

நான் இந்தக் கதையில் கவனிப்பது வேறொரு சங்கதி. அந்த மாளிகை ஹாமில்டனுடையது. மெத்தை அவருடையது. தூக்கி எறி என்று வைத்தியர் சொன்னதும் எறிவதற்கு ஆட்கள் இருந்தார்கள். எறியக்கூடாது என்று சொல்ல வீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லை. அன்று முதல் இன்று வரையில் பிராணிகளால் வரும் ஒவ்வாமைக்குச் சொல்லப்பட்ட வைத்தியம் எதை எடுத்துக்கொண்டாலும், நோயாளி தன் சுவர்களுக்குத் தானே எஜமானன் என்று அது நினைத்துக்கொள்கிறது. குடக்கூலி கொடுத்து இன்னொருவர் வீட்டில் இருக்கிறவனுக்கு என்ன வழி? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சரித்திரத்தைப் பார்த்தால், அது சற்று வேறு மாதிரித் தெரிகிறது.

பூனையைக் கண்டால் சிலருக்கு ஆகாது என்பது பழைய செய்தி. 1590-களில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘வெனிஸ் வர்த்தகன்’ நாடகத்தில், கோர்ட்டில் நின்று பேசும் ஷைலக் அப்படிப்பட்ட மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறான். கடனுக்கு ஈடாகப் பணத்தை விட்டு மாமிசத்தைக் கேட்கிறாயே, ஏன் என்பது கேள்வி. காரணம் சொல்ல முடியாத வெறுப்புகள் உலகத்தில் உண்டு என்பதற்குப் பூனையை உதாரணமாகக் காட்டுகிறான் அவன். அக்காலத்தில் அதை மனத்தின் கோளாறாகவே எண்ணினார்கள். பூனை இருக்கும் அறையில் ஒருவர் கண் சிவந்து மூச்சு முட்டினால், அது பிறவி வெறுப்பு. மூக்குக்கு இதில் பங்கு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை.

மூக்கின் கட்சியை எடுத்துப் பேசியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில டாக்டர்கள். அவர்களில் ஹென்றி ஹைட் சால்ட்டர் என்பவரை எனக்கு மிகவும் பிடிக்கும். லண்டன் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். சிறு வயது முதல் அவரே ஆஸ்துமாக்காரர். ஆகவே 1860-இல் அவர் ஆஸ்துமாவைப் பற்றி எழுதிய நூலில் புத்தகப் படிப்போடு சொந்த அனுபவமும் கலந்திருக்கிறது. பூனை, முயல் முதலிய பிராணிகளின் அருகாமையே சிலருக்கு இழுப்பைக் கொண்டுவந்துவிடும் என்று அவர் திட்டமாக எழுதினார். அவர் சொன்ன மருந்துகளில் ஒன்றைக் கேட்டால் கும்பகோணத்துக்காரர்கள் எழுந்து நின்று வணக்கம் செலுத்துவார்கள்: கடுங்காப்பி! ஆனால் வெறும் வயிற்றில், பாலும் சர்க்கரையும் இல்லாமல் என்று அவர் சேர்த்துச் சொன்னதும் அவர்கள் மறுபடியும் உட்கார்ந்துவிடக்கூடும்.

சால்ட்டர் இன்னொரு மர்மத்தையும் விடாமல் துரத்தினார். ஆஸ்துமா இடத்தைப் பொறுத்து மாறுகிறது. தூய காற்று வீசும் நாட்டுப்புறத்தில் திணறுகிறவன், புகை மண்டிய லண்டனில் வந்து படுத்தால் நிம்மதியாகத் தூங்குகிறான். ஓர் இடத்தில் ஆகாதவனுக்கு வேறோர் இடம் ஒத்துக்கொள்கிறது. இதற்கு ஒரு விதியும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தந்த ஊரின் காற்றில் ஏதோ இருக்கிறது என்று அவர் எண்ணினார். ஊர் மாறும்போது வீடும் மாறுகிறது, படுக்கையும் மாறுகிறது, அடுப்பங்கரையில் படுத்திருக்கும் பூனையும் மாறுகிறது என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. அது எப்படியானாலும், அவர் சொன்ன யோசனை ஜாகையை மாற்றிப் பார் என்பதே. வாடகைக்கு இருப்பவனுக்கு ஏற்ற வைத்தியம் சரித்திரத்தில் இது ஒன்றுதான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குக் கையில் காசு வேண்டும். அவருடைய நோயாளிகள் பலருக்கு அது இருந்தது.

இதற்குப் பிந்திய கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1873-இல் மான்செஸ்டர் டாக்டர் சார்லஸ் பிளாக்லி, தன் கைத்தோலைக் கீறி அதில் மகரந்தத்தைத் தேய்த்து, வீங்குகிறதா என்று பார்த்தார். வீங்கியது. 1906-இல் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, வேறு, செயல் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘அலர்ஜி’ என்ற வார்த்தையைச் செய்தார். (நம்முடைய ‘ஒவ்வாமை’ அதைவிட நேரான சொல் என்பது என் அபிப்பிராயம்.) 1921-இல் கார்ல் பிரவுஸ்னிட்ஸ் என்னும் ஜெர்மன் டாக்டர், மீன் சாப்பிட்டால் உடம்பு வீங்கும் தன் சகாவின் ரத்தத்திலிருந்து சீரம் எடுத்துத் தன் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சத்தைச் செலுத்தியபோது, மீனை ஒன்றும் செய்யாமல் சாப்பிடும் அவருக்கே தடித்துவிட்டது. ஆக, ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றலாம் என்று தெரிந்தது. அந்தப் பொருளை 1966-இல் அமெரிக்காவில் டென்வர் நகரில் ஆராய்ச்சி செய்த இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியும், அடுத்த ஆண்டு ஸ்வீடனில் யோஹான்ஸன், பென்னிக் என்ற இருவரும் தனித்தனியாகப் பிடித்தார்கள். 1968-இல் அதற்கு ‘இம்யுனோகுளோபுலின் ஈ’ என்று பெயர் வைத்தார்கள். பிறவி வெறுப்பு என்ற பேச்சு அதோடு ஒழிந்தது.

இவையெல்லாம் மனித உடம்பைப் பற்றியவை. வீட்டைப் பற்றிய கதை ஹாலந்து தேசத்தில், லைடன் நகரில் நடந்தது. அந்த நாட்டில் நிலம் தாழ்வு, நீர் அதிகம், வீடுகளில் ஓதம். ஆஸ்துமாவும் மிகுதி. 1920-களில் அங்கே ஸ்டார்ம் ஃபான் லேயுவென் என்ற பேராசிரியர், நோயாளிகளை ஒரு தனி அறையில் படுக்க வைத்துப் பார்த்தார். வீட்டுக் காற்று உள்ளே புகாதபடி அடைத்து, தூசி தங்குவதற்கு இடம் வைக்காமல், சுத்தமான காற்றைத் தனியே செலுத்திய அறை அது. மாதக் கணக்கில் தூங்காதவர்கள் பலர் அதில் தூங்கினார்கள். 1927-இல் அவரும் அவருடைய சகாக்களும் இந்த அறையைப் பற்றி லண்டன் ‘லான்ஸெட்’ பத்திரிகையில் எழுதினார்கள். மருந்து இல்லை, பத்தியம் இல்லை. அறை ஒன்றுதான் வைத்தியம். ஆனால் அறையை விட்டு வீட்டுக்குப் போனதும் பழையபடி இழுப்பு வந்தது.

அந்த நோயாளிகளை நினைத்துப் பார்க்கிறேன். நம் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்த வீட்டுக்கே திரும்பிப் போகிற மனிதனின் மனம் எப்படி இருக்கும்? வியாதி என்று இருந்தால் தைரியமாக இருக்கலாம். வீட்டைச் சந்தேகித்துக்கொண்டு அதே வீட்டில் எப்படிப் படுப்பது?

வீட்டில் இருப்பது என்ன என்பதற்கு அதே லைடன் நகரத்திலிருந்து ஒரு விடை வந்தது. 1964-இல் ஃபூர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலியவர்கள், மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒன்றைக் குற்றவாளியாக நிறுத்தினார்கள். பூனை அப்போதைக்குத் தப்பியது. சில வருஷங்களில் அதன் முறையும் வந்தது. 1970-களில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜான் ஓமனும் அவருடைய சகாக்களும் பூனையிலிருந்து முக்கியமான ஒவ்வாப் பொருளைப் பிரித்து எடுத்தார்கள். இப்போது அதற்கு ‘ஃபெல் டி 1’ என்று பெயர். எல்லாரும் நினைப்பது போல் அது ரோமம் அல்ல. ஒரு புரதம்; பூனையின் எச்சிலிலும், தோலில் எண்ணெய் கசியும் சுரப்பிகளிலும் உண்டாகிறது. பூனைதான் நாள் முழுவதும் தன்னை நக்கிக்கொள்ளும் ஜாதி ஆயிற்றே! நக்கிய எச்சில் ரோமத்தில் காய்ந்து, பொடியாகி உதிர்கிறது. அந்தப் பொடியில் ஒரு பகுதி, ஒரு மில்லி மீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவுள்ளது. கீழே விழாமல் மணிக் கணக்கில் காற்றில் மிதக்கும். எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும்: திரை, மெத்தை, சட்டை, சுவர்.

சுவரிலும் ஒட்டும் என்று நான் முதல்முதல் படித்தபோது, திருவல்லிக்கேணியில் நாங்கள் இருந்த ஒரு மாடிப் போர்ஷன் ஞாபகத்துக்கு வந்தது. எனக்குப் பூனை ஆகாது. அந்த வீட்டில் பூனை கிடையாது என்று நன்றாக விசாரித்துக்கொண்டுதான் குடி போனோம். போன மூன்றாம் நாள் இரவு தும்மல் ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் கண் அரிப்பு, பிறகு நெஞ்சில் விசில் சப்தம். புதிதாக அடித்த சுண்ணாம்பு வாசனைதான் காரணம் என்று என் மனைவி சொன்னாள். கீழ்ப் போர்ஷன் மாமி ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும்போது பேச்சுவாக்கில், “முன்னாடி இருந்தவா மூணு பூனை வளர்த்தா. எப்பவும் அந்த சோபாவிலேதான் தூங்கிண்டிருக்கும். ஆனா அவா காலி பண்ணி ரெண்டு மாசம் ஆயிடுத்தே!” என்றாள்.

சோபா வீட்டுக்காரருடையது. வீட்டோடு சேர்ந்து வந்தது. அவரிடம் போய், அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். நல்ல மனிதர், காரணத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

“பூனை இப்ப எங்கே இருக்கு, காட்டுங்கோ சார். இருந்தா நானே வந்து விரட்டறேன்” என்றார்.

“பூனை இல்லை. ஆனால் அது இருந்த சோபா இருக்கிறதே” என்றேன்.

“அது எங்க அப்பா ரங்கூன் தேக்கிலே பண்ணினது, சார்!” என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? போன பூனைக்காக இருக்கிற சோபாவை எடுக்கச் சொல்லும் மனிதனை அவர் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அனுதாபம் இருந்தது. மூன்று வாரத் தூதுக்குப் பிறகு, மாமியின் சிபாரிசின் பேரில், சோபாவைத் தன் கூடத்துக்கே இறக்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் என் மூக்கு ஒரே நாளில் அடங்கிவிடவில்லை. ஐப்பசியில் தொடங்கிய தும்மல் பங்குனி வாக்கில்தான் நின்றது.

அந்த ஆறு மாதத்துக்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ராபர்ட் வுட் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும், பூனையை வெளியே கொடுத்துவிட்ட பதினைந்து வீடுகளில் தொடர்ந்து தூசி எடுத்து அளந்து 1989-இல் வெளியிட்டார்கள். பூனை போன பிறகும் அந்தப் புரதம் மெதுவாகத்தான் குறைந்தது. ஏறக்குறையப் பாதி வீடுகளில், பூனையே இல்லாத வீட்டின் அளவுக்கு அது இறங்குவதற்கு 20 முதல் 24 வாரம் பிடித்தது. மற்ற வீடுகளில் இன்னும் தாமதம். கம்பளம், சோபா போன்றவற்றை வெளியேற்றி, சுவர்களைக் கழுவிய வீடுகளில் மட்டும் சீக்கிரமாகக் குறைந்தது. மறுபடியும் பாருங்கள்: கம்பளத்தை எடு, சுவரைக் கழுவு! 1552-இல் ஆர்ச்பிஷப்புக்குச் சொன்னதுதான். இதைச் சொந்த வீட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்துவிடலாம். குடியிருப்பவன் முதலில் அனுமதி வாங்க வேண்டும்.

அமெரிக்க சர்க்கார் 1998, 1999 ஆண்டுகளில் நாடு முழுவதிலுமாக 831 வீடுகளில் தூசியைச் சோதித்தது. அவற்றில் ஏறக்குறையப் பாதி வீடுகளில்தான் நாயோ பூனையோ இருந்தது. ஆனால் பூனையின் புரதம் கிடைக்காத வீடு ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்றுதான் தேறியது. நாயினுடையதோ எல்லா வீட்டிலும் இருந்தது. பூனை இல்லாத வீட்டுக்குப் பூனை எப்படி வருகிறது? சட்டையில் ஏறி வருகிறது. ஸ்வீடனில் பள்ளிக்கூடங்களை ஆராய்ந்தவர்கள் இதை நன்றாகக் காட்டினார்கள். வீட்டில் பூனை வளர்க்கும் பிள்ளைகள் நிறைய உள்ள வகுப்பில் உட்கார்ந்த ஆஸ்துமாக் குழந்தைகளுக்கு, விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் நோய் கூடியது. அந்தக் குழந்தைகள் வீட்டில் பூனை கிடையாது.

ஆகவே “இந்த வீட்டில் பூனை உண்டா?” என்ற கேள்வி போதாது. முன்னால் யார் இருந்தார்கள், என்ன வளர்த்தார்கள், எப்போது காலி செய்தார்கள் என்று கேட்க வேண்டும். தரகர் இதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டார். தண்ணீர்க் குழாயடியில் கேட்டால் தெரியும். வீட்டைப் பார்க்கப் போகும்போது அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பார்ப்பது நல்லது. ஒவ்வாத மூக்குக்கு அது பெரும்பாலும் போதும்.

நம் ஊரில் நமக்கு ஒரு பாக்கியம் உண்டு. சிவப்பு சிமெண்டுத் தரையும் மொஸெய்க்கும் போட்ட வீடுகள் நம்முடையவை. மேல்நாட்டில் சுவரோடு சுவராக ஒட்டிவிடும் கம்பளம் இங்கே இல்லை. ஈரத் துணியால் துடைத்தால் தரையில் உள்ளது போய்விடும். துடைப்பத்தால் உலரப் பெருக்கினால் தரையில் உள்ளது காற்றுக்கு வந்துவிடும். குடி போவதற்கு முன், சுண்ணாம்பு அடிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், சுவரைத் துடைக்கச் சொல்ல வேண்டும். மெத்தை, தலையணை, திரை இவை நம்முடையவையாக இருக்க வேண்டும். வீட்டுக்காரருடைய மெத்தை, சோபா போன்ற சாமான்களை, அவை எவ்வளவு அழகாக இருந்தாலும், பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவர் வாங்கிக்கொள்ளாவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்டு மூட வேண்டும். வீடு முழுவதையும் காப்பாற்ற முடியாவிட்டால் படுக்கை அறை ஒன்றையாவது காப்பாற்றலாம். லைடன் பேராசிரியரும் செய்தது அதுதான். காற்றைச் சலிக்கும் யந்திரம் ஒன்று இப்போது கடைகளில் விற்கிறது. அணுகுண்டு செய்யும்போது கதிரியக்கத் தூசியைப் பிடிப்பதற்காக உண்டாக்கிய சல்லடையின் வாரிசு அது. காற்றில் மிதப்பதை அது பிடிக்கும். மெத்தையில் இருப்பதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இரவில் மூச்சு இழுக்கிறவர்கள் இவற்றோடு நின்றுவிடாமல் டாக்டரிடம் போக வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தாமே பூனை வளர்த்துக்கொண்டு, தாமே தும்முகிறவர்களும் உலகத்தில் ஏராளம். டாக்டர் பூனையைக் கொடுத்துவிடச் சொல்கிறார். அவர்கள் டாக்டரை மாற்றுகிறார்கள். பூனையைக் குளிப்பாட்டினால் புரதம் குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆனால் ஒரு வாரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. வாரம் ஒரு முறை பூனையைக் குளிப்பாட்டுவதா, தும்முவதா என்று கேட்டால் நான் தும்மலையே தேர்ந்தெடுப்பேன். இவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. வாடகை வீட்டில் தனியாக வசிக்கும் ஒரு கிழவிக்கு அந்தப் பூனை ஒன்றுதான் துணை என்றால், அதைக் கொடுத்துவிடு என்று சொல்லும் வாய் எது?

சட்டங்கள் இந்தக் கிழவியின் பக்கமே மெள்ள மெள்ளச் சாய்ந்து வந்திருக்கின்றன. பிரான்ஸில் 1970 ஜூலையில் செய்த ஒரு சட்டம், வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுப் பிராணிக்குத் தடை போடும் ஷரத்து செல்லாது என்றது. நியூயார்க் நகரம் 1983-இல் ஒரு வேடிக்கையான விதியைச் செய்தது: குடித்தனக்காரர் ஒளிக்காமல் மறைக்காமல் மூன்று மாதம் பிராணி வளர்த்து, அதற்குள் வீட்டுக்காரர் வழக்குப் போடவில்லை என்றால், ஒப்பந்தத்தில் உள்ள தடை காலாவதி ஆகிவிடும். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013 மார்ச்சில், நாய் பூனை எதுவுமே கூடாது என்ற பொதுத் தடை செல்லாது, வீட்டுக்காரர், குடியிருப்பவர், அக்கம்பக்கத்தார் எல்லாருடைய நலனையும் அந்தந்த இடத்தில் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இங்கிலாந்தில் 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, பிராணி வளர்க்க அனுமதி கேட்டால் வீட்டுக்காரர் தகுந்த காரணம் இல்லாமல் மறுக்கக்கூடாது.

இந்தச் சட்டங்களில் நாயும் பூனையும் உண்டு, வீட்டுக்காரர் உண்டு, குடித்தனக்காரர் உண்டு. அடுத்த போர்ஷனில் இருக்கும் மூக்கை நேராகப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் சட்டம் ஒன்றை நான் அறிவேன். கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தின் 2006-ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் அது. அதன் 14-ஆவது பிரிவு, பிராணி வளர்க்கக்கூடாது என்ற ஷரத்தை அடியோடு செல்லாததாக்குகிறது. பிறகு 76-ஆவது பிரிவில் ஒரு விலக்கு: வீட்டுக்காரருக்கோ, வேறு குடித்தனக்காரருக்கோ, அந்த ஜாதிப் பிராணியால் கடுமையான ஒவ்வாமை உண்டானால், பிராணியை வைத்திருப்பவரைக் காலி செய்யச் சொல்லி மனுப் போடலாம்.

மனுவை விசாரிப்பது மாகாணத்தின் வாடகை நடுவர் மன்றம். சும்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால் அங்கே வழக்கு ஜெயித்துவிடாது. அந்த ஜாதிப் பிராணியால் கடுமையான ஒவ்வாமை உண்டானது என்று மன்றத்துக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். குறிப்பிட்ட குடித்தனக்காரர் வளர்க்கும் அந்தப் பிராணி ஒவ்வாமையை உண்டாக்கவில்லை, அதில் அதற்குப் பங்கும் இல்லை என்று திருப்தி ஏற்பட்டால், மன்றம் காலி செய்யச் சொல்லாது. எதிர்ப் போர்ஷன் பூனையின் புரதமா, நாலு மாதத்துக்கு முன் இதே அறையில் தூங்கிவிட்டுப் போன பூனையின் புரதமா, ஆபீஸிலிருந்து சட்டையில் ஏறி வந்ததா என்று தூசியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாப் பூனைக்கும் அது ஒரே புரதம். ஆகவே மனுதாரர் டாக்டர் சர்டிபிகேட்டோடு போனால், பிராணி வளர்ப்பவர், முன்னால் அந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன வளர்த்தார்கள் என்பதை விசாரித்துக்கொண்டு போவது நல்லது.